கழுத்துப் பிடிப்பும் தசைவலிமைச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவின் நெடுஞ்சாலையிலே தலைமன்னாரை நோக்கிச் செல்வோர் பேசாலையை அடையுமுன் தோட்டவெளியைக் கடப்பர். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, உள்நாட்டுப் போரினாற் சிதைந்து, 2015இல் மீண்டும் தலைமன்னார்த் துறைவரை ஓடத் தொடங்கிய புகையிரதப் பாதையிலும் அவ்வூருக்கு ஒரு தரிப்பிடம் உண்டு. வரலாறு கற்றோர்க்குத் தோட்டவெளி என்றவுடன் 1544ஆம் ஆண்டிற் சங்கிலி மன்னன் காலத்தில் நிகழ்ந்த கொலையும், மாண்டோர் நினைவாக எழுந்த தேவாலயமும் மனத்தில் எழும். அவ்வரலாற்றை எழுதினோர் பலர். யான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் மிகச் சிறியது. ஆயினும் அவ்வூரார் நாடோறும் உணர்வது. கழுத்துப் பிடிப்பே அது. அதனைத் தீர்க்க மனிதர் கையாண்ட கைவினையின் வரலாற்றையும், அவற்றுள் இறுதியாக வந்து சேர்ந்த தசைவலிமைச் சிகிச்சை எங்ஙனம் பிறந்தது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணலும் பனையும் கடலும் சூழ்ந்த இத்தீவிலே கழுத்துக்கு ஓய்வு அரிது. மீன்கடகம் தலைமேல் ஏறும்; விறகுக்கட்டு தலைமேல் ஏறும்; கிணற்றுநீர்க் குடமும் ஏறும். வலை பொத்துவோர் மணிக்கணக்காகக் குனிந்திருப்பர். பனை ஏறுவோர் அண்ணாந்து பார்த்தபடியே தொழில் செய்வர். தலைச்சுமைக்கும் தலைக்கும் இடையிலே துணியைச் சுருட்டி வைக்கும் சும்மாடு என்னும் எளிய பொருளை நம் முன்னோர் கண்டனர். சுமையின் அழுத்தம் ஓரிடத்தே குத்தாமற் பரவுதற்கும், சுமை ஆடாது அமர்தற்கும் அது துணை செய்யும். ஆயினும் பாரம் முழுவதும் கழுத்தென்புகளின் வழியாகவே இறங்குகின்றது. அதனைச் சும்மாடு குறைப்பதில்லை. மன்னாரின் கழுதைகள் ஒரு காலத்தில் இச்சுமைகளிற் பெரும்பங்கைத் தாங்கின. மோட்டார் வண்டி வந்தபின் அவை வேலையிழந்து தெருவில் அலைகின்றன. மனிதர் கழுத்தோ இன்னும் வேலையிழக்கவில்லை. பாரம் சுமவாத மாணவரும் இக்காலத்திற் கைத்தொலைபேசியை நோக்கிக் குனிந்து அதே நோவைத் தேடிக்கொள்கின்றனர்.

இந்நோவுக்கு ஊரார் வழங்கும் பெயர்கள் இரண்டு: பிடிப்பு, சுளுக்கு. வைகறையில் எழுந்தவன் தலையைத் திருப்ப முயல்கின்றான். ஒரு பக்கம் திரும்புகின்றது, மறுபக்கம் திரும்ப மறுக்கின்றது. தலையணையை வெயிலிற் போட்டால் தீரும் என்பார் பாட்டி. காலால் பிறந்தவர் ஒருவரை அழைத்துக் காலினால் நீவச் சொல்வார் மற்றொருவர். நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒற்றடம் இடுவார் வேறொருவர். இவற்றால் நன்மை விளைவதும் உண்டு. தீமை பெரும்பாலும் இல்லை. பெரும்பாலான கழுத்துப் பிடிப்பு எதுவும் செய்யாமலே சில நாளில் இளகும் என்பதனையும் மறத்தலாகாது. வெயிலிற் காய்ந்த தலையணைக்குப் புகழ் சேர்ந்தது அவ்வாறுதான்.

நான்காவதாகச் சொல்லப்படும் பரிகாரமே அஞ்சத்தக்கது. சில ஆண்டுகளுக்கு முன் மன்னாருக்குச் சென்றிருந்தபோது முடி திருத்துவதற்காக ஒரு சலூனிற் புகுந்தேன். எனக்கு முன் அமர்ந்திருந்த முதியவர் கழுத்து நோகின்றது என்றார். வேலை முடிந்ததும் முடிதிருத்துவோர் அவருடைய நாடியை ஒரு கையாலும் பிடரியை மறுகையாலும் பற்றி, அவர் எதிர்பாராத வேளையிற் சட்டென்று முறுக்கினார். ‘சடக்’ என்ற ஓசை எனக்குங் கேட்டது. முதியவர் முகமலர்ந்து எழுந்தார். என் முறை வந்தபோது எனக்கும் செய்ய முற்பட்டார். யான் கைகூப்பி வேண்டாமென்றேன். அவர் அன்பினாலேயே அங்ஙனம் செய்தார் என்பதில் ஐயமில்லை. முடிதிருத்துவோரும் மருத்துவரும் ஒருவராயிருந்த காலத்தின் எச்சம் அது. தமிழ்நாட்டில் முடிதிருத்துவோர்க்கு மருத்துவர் என்ற பெயர் வழங்கியதும், யாழ்ப்பாணத்திற் பரியாரி என்னும் சொல் இருவர்க்கும் பொதுவாயிருந்ததும் யாவரும் அறிந்தன. இலண்டனிலும் நாவிதரும் அறுவை வைத்தியரும் 1540ஆம் ஆண்டு முதல் ஒரே சங்கத்தினராய் இருந்து, 1745இலேதான் பிரிந்தனர்.

அச்சம் ஏன் என்பதற்குக் கழுத்தின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். கழுத்திலுள்ள முள்ளென்புகள் ஏழு. முதலாவது என்பு மண்டையோட்டைத் தாங்கும் வளையம். இரண்டாவதிலிருந்து மேனோக்கி எழும் முளை, அவ்வளையத்துள் அச்சாணிபோல் நிற்கும். தலை இடமும் வலமும் திரும்பும் அளவிற் பாதியளவு இவ்விரண்டுக்கும் இடையிலேயே நிகழ்கின்றது. எஞ்சிய பாதியைக் கீழுள்ள மூட்டுகள் தம்முட் பங்கிட்டுக் கொள்ளும். ஒவ்வோர் என்பின் இருமருங்கிலும் ஒரு துளை உண்டு. ஆறாவது என்பு தொடக்கம் முதலாவது வரை அத்துளைகளினூடே ஏறிச்செல்லும் முள்ளென்பு நாடிகள் இரண்டும் மூளையின் பின்பகுதிக்குக் குருதியைக் கொண்டுசெல்கின்றன. தலையைச் சடுதியாக முறுக்குங்கால் இந்நாடியின் உட்சுவர் கிழிதல் கூடும்; கிழிந்தவிடத்து உறையும் குருதிக்கட்டி மூளையைச் சென்று அடைத்தல் கூடும். அரிதாக நிகழ்வதே இது. ஆயினும் நிகழ்ந்தவனுக்கு அவ்வருமையாற் பயனில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1947ஆம் ஆண்டிலேயே முதுகென்பு முறுக்கலின் பின் நேர்ந்த மூளைச் சேதமும் மரணமும் பதிவு செய்யப்பட்டன. முறுக்குதல்கூட வேண்டியதில்லை, சிகையலங்கார நிலையத்திலே தலையைக் கழுவுதற்காகப் பின்புறம் சாய்த்துவைத்த பெண்களுக்கும் பக்கவாதம் வந்தமையை 1993இல் அதே சஞ்சிகை வெளியிட்டது.

பிடிப்பு என்னும்போது என்ன நிகழ்கின்றது? மூட்டு முறியவுமில்லை; விலகவுமில்லை. தன் இயல்பான அளவுக்கு இயங்க மறுக்கின்றது, அவ்வளவே. மூட்டைச் சூழ்ந்த சிறுதசைகள் காவற்காரர்போல் இறுகி நிற்க, அவ்விறுக்கமே நோவாகி, நோவு மேலும் இறுக்கத்தை வளர்க்கும். பூட்டிய கதவை உடைத்துத் திறப்பதா, உள்ளிருப்பவனைக் கொண்டே தாழ் நீக்குவிப்பதா என்பதே வினா. கழுத்து வைத்தியத்தின் நீண்ட வரலாறு முழுவதும் இவ்வினாவின் முதற்பாதியைப் பற்றியதாகவே சென்றது. இரண்டாம் பாதியை மனிதர் நினைத்தது அண்மையிலேதான்.

நம் நாட்டு மருத்துவத்தை முதலில் நோக்குவோம். சித்தர் நூல்கள் வாதநோயை எண்பதாக வகுப்பன. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி அவ்வகுப்புக்குப் பேர்போனது. இக்காலச் சித்தமருத்துவ ஆசிரியர் கழுத்தென்புத் தேய்வை அவ்வெண்பதுள் ஒன்றாகிய சகனவாதத்தோடு ஒப்பிட்டுரைப்பர். ஈழத்திலும் யாழ்ப்பாண மன்னர் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் எழுந்தன. பின்னையதை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் பகுதி பகுதியாகப் பதிப்பித்து அழிவினின்றுங் காத்தனர். என்பு முறிவையும் நெரிவையும் பார்க்கும் பரம்பரை வைத்தியர்களோ ஏட்டைக்காட்டிலும் கையையே நம்பினர். தந்தை கையைப் பார்த்து மகன் கை கற்றது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யுனானி முறைகளோடு சுதேச வைத்தியத்தையும் தன் ஏற்பினுட் கொணர்ந்தது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்தமருத்துவப் பிரிவு தொடங்கிற்று.

சித்தமருத்துவத்தில் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்பர். புறமருந்துள் ஒன்று தொக்கணம். தேகத்தைக் கையாற் பிடித்துப் பக்குவஞ் செய்யும் இவ்வினை ஒன்பது வகைப்படும்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இவ்வொன்பது சொற்களையும் மாணவர் நிதானமாக ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. நுட்பமான பாகுபாடு என்பதில் ஐயமின்று. மேனாட்டுப் பிடிப்பு வைத்தியர் தம் முறைகளை எண்ணி வகுத்தது இதற்கு மிகப் பிந்தியே. ஆயினும் இலக்கணம் கற்றவன் கண்ணுக்கு வேறொன்றும் புலப்படும். ஒன்பதும் வினைகள், ஒன்பதுக்கும் எழுவாய் வைத்தியன், ஒன்பதுக்கும் செயப்படுபொருள் நோயாளி. படுத்திருப்பவன் செய்யவேண்டியது எதனையும் எச்சொல்லும் கூறவில்லை. அவன் சும்மா இருப்பதே அவன் கடமை.

மேனாட்டிலும் நிலைமை இதுவே. இப்போக்கிராத்தர் காலக் கிரேக்கர் முதுகென்பை நேராக்கக் கயிறும் ஏணியும் மரப்பலகையும் பயன்படுத்தினர். இடைக்காலத்தின் பின் அவ்வினை கல்லாத என்புகட்டிகளின் கைக்குச் சென்றது. இங்கிலாந்திலே 1736ஆம் ஆண்டளவில் எப்சம் நகரில் வாழ்ந்த சாரா மாப் என்னும் பெண், பட்டம் பெற்ற வைத்தியர் பொறாமை கொள்ளுமளவுக்குப் புகழ் பெற்றாள். இவர்களைப் பற்றி முதன்முதல் நேர்மையாகப் பேசியவர் சேர் ஜேம்ஸ் பஜெற் எனலாம். 1867ஆம் ஆண்டு அவர் ஆற்றிய விரிவுரையில், என்புகட்டிகள் குணமாக்கும் நோய்கள் எவை என்பதை எடுத்துக்கூறி, அவர்களிடமிருந்து நல்லதைக் கற்று அல்லதை விலக்குமாறு தம் மாணவர்க்கு அறிவுறுத்தினார்.

நான்கு ஆண்டுகளின் பின் அதனைச் செய்துகாட்டியவர் வார்ட்டன் ஹூட். அவர் தந்தையார் பீற்றர் ஹூட் என்னும் வைத்தியர், இலண்டனில் வாழ்ந்த ஹட்டன் என்ற என்புகட்டிக்கு நெடுநாள் நோயொன்றிற் பணம் பெறாது சிகிச்சை செய்தார். நன்றி மறவாத ஹட்டன், தம் குடும்ப இரகசியத்தைக் கற்பிப்பதாக வாக்களித்தார். மகன் சென்று கற்றார். ஹட்டன் இறந்தபின் 1871இல் அதனை நூலாக வெளியிட்டார். குடும்பத்துள் மறைந்து கிடந்த கைவினை அச்சேறி உலகப் பொதுவாயிற்று. நம் பரம்பரை வைத்தியர் வீடுகளில் இத்தகைய ஒரு ஹட்டனும் ஒரு ஹூட்டும் சந்தித்திருப்பின் எத்துணை நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறொரு கதை. அன்ட்ரூ டெயிலர் ஸ்டில் என்பவர் பத்து வயதுச் சிறுவனாயிருக்கையில் ஒருநாள் தலைநோவால் வருந்தினார். தந்தையாரின் ஏர்க்கயிற்றை இரு மரங்களுக்கிடையே கட்டி ஊஞ்சலாட நினைத்தவர், நோவு மிகவே கயிற்றைத் தரையினின்றும் ஒரு சாண் உயரத்துக்குத் தாழ்த்தி, அதன்மேற் போர்வையை இட்டு, பிடரியைக் கயிற்றில் வைத்து மல்லாந்து கிடந்தார். உறங்கி எழுந்தபோது நோவு இல்லை. தம் மருத்துவ முறையின் முதற் கண்டுபிடிப்பு அதுவே என்று முதுமையில் அவர் தன்வரலாற்றில் எழுதினார். 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தம் மக்கள் மூவரைப் பறிகொடுத்தமை, அக்கால மருந்துகளின்மேல் அவர் கொண்டிருந்த நம்பிக்கையை முற்றாக அழித்தது. 1874இல் ஓஸ்டியோபதி என்னும் என்புவழி மருத்துவத்தை அறிவித்து, 1892இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் நகரில் அதற்கொரு கல்லூரியும் நிறுவினார். மூன்றாண்டின் பின் அயோவா மாநிலத்து டவென்போட்டில் டானியல் பாமர், செவிடன் ஒருவனின் முள்ளென்பொன்றைத் தள்ளி அவன் கேள்வியை மீட்டதாகக் கூறிக் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கினார். எல்லா நோய்க்கும் முதுகென்பே காரணம் என்ற இவ்விருவர் கொள்கையையும் இன்று அறிவியல் ஏற்பதில்லை. ஸ்டில்லின் கயிற்றுக் கதையில் மட்டும் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அங்கே முறுக்கியவர் எவருமில்லை. சிறுவனின் தலைப்பாரமும் ஓய்வுமே வேலை செய்தன. அவர் மாணவரோ பின்னாளிற் சடக்கென்ற ஓசையையே பெரிதும் நாடினர்.

இவ்விடத்தே உடற்றொழிலியல் துணைக்கு வருகின்றது. ஒரு தசை சுருங்குங்கால் அதற்கு எதிர்த்தசை நரம்பின் ஏவலால் தானே தளரும் என்பதைச் சேர் சார்ல்ஸ் ஷெரிங்டன் விலங்குகளில் நுணுகி ஆராய்ந்து நிறுவினார். 1932இல் நோபெல் பரிசைப் பெற்ற அவருடைய ஆராய்ச்சி, நோயாளியின் தசையையே நோய்க்கு மருந்தாக்கலாம் என்ற எண்ணத்துக்கு வழி திறந்தது. ரடி என்னும் ஓஸ்டியோபதி வைத்தியர் அவ்வழியே சென்றார். கழுத்தை அசையாது தாம் பிடித்துக்கொள்ள, நோயாளியைத் தம் கைக்கு எதிராகச் சிறு சிறு உந்தல்களாக, நாடித்துடிப்பின் விரைவில் உந்துமாறு செய்தார்.

ரடியின் கருத்தை ஒழுங்கான முறையாக்கியவர் டெனசி மாநிலத்துச் சட்டனூகாவில் தொழில்புரிந்த பிரெட் மிச்செல். 1909இற் பிறந்த இவர் முதலில் இடுப்பென்பின் சமநிலையைப் பற்றி 1948இலும், அதன் இயக்கத்தைப் பற்றி 1958இலும் கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொரு மூட்டிலும் இயக்கம் எத்திசையில், எவ்விடத்திற் றடைப்படுகின்றது என்பதை விரலால் அறிந்து, நோயாளியின் அளவான தசைச் சுருக்கத்தாலேயே அதனை நீக்கும் முறை அவர் கையில் உருப்பெற்றது. அவர் அதனை நூலாக எழுதவில்லை. 1970இல் அயோவாவின் போட் டொட்ஜ் நகரிற் சிறியதொரு வைத்தியர் குழுவுக்குக் கற்பித்தார், 1974இல் மறைந்தார். 1979இலேதான் அவர் மகனார் வேறிருவரோடு சேர்ந்து விரிவான கையேட்டை வெளியிட்டார். தந்தை கை, மகன் எழுத்து! மன்னாரிலும் சட்டனூகாவிலும் கைவினையின் விதி ஒன்றாகவே இருந்திருக்கின்றது. எழுதிய மகன் ஒருவன் வாய்த்தமையே வேறுபாடு.

இம்முறைக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரிலுள்ள ஆற்றல் என்னும் பொருள்படுஞ் சொல்லைக் கண்டு பிராணசக்தி முதலியவற்றை நினைத்தல் வேண்டா. தசை சுருங்கும் வலிமை என்பதே அதன் பொருள். ஆதலின் யான் தசைவலிமைச் சிகிச்சை என வழங்குகின்றேன்.

அக்காலத்தே இதே எண்ணம் வேறிடங்களிலும் முளைத்தது. இளம்பிள்ளைவாதம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. 1952ஆம் ஆண்டு மட்டும் ஏறக்குறைய 58,000 பேர் பீடிக்கப்பட்டனர். இலங்கையிலும் 1962இல் அந்நோய் பெருந்தொற்றாகப் பரவியது. தளர்ந்த தசைகளைத் தட்டியெழுப்ப ஹேர்மன் கபாத் என்னும் வைத்தியரும் மாகரெட் நொட் என்னும் இயன்மருத்துவரும், நோயாளி எதிர்த்துத் தள்ளிப் பின் தளரும் பயிற்சிகளை வகுத்தனர். செக் நாட்டிற் காரெல் லெவிற் அதனினும் மென்மையான வடிவத்தைக் கையாண்டார். அவரும் அமெரிக்கரான சைமன்ஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் 244 நோயாளர் இடம்பெற்றனர். சிகிச்சை செய்த இடங்களுள் நூற்றுக்கு 94இல் நோவு உடனே தணிந்தது, 63இல் அத்தணிவு நிலைத்தது என்றனர். ஒப்பிடுதற்கு வேறொரு குழு அவ்வாய்வில் இல்லாமையால் இவ்வெண்களை அளவோடே மதித்தல் வேண்டும்.

முறைதான் யாது? வலப்பக்கம் திரும்பாத கழுத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளி அமர்ந்தோ மல்லாந்து படுத்தோ இருப்பார். வைத்தியர் அவர் தலையை வலப்பக்கமாக மெல்லத் திருப்பி, முதல் தடை விரலுக்குத் தட்டுப்படும் இடத்தே நிறுத்துவார். நோவு எழும்வரை செல்லலாகாது. தடையின் வாசலே எல்லை. பின் தம் கையைக் கன்னத்தருகே வைத்து, ‘இடப்பக்கம் மெல்லத் திருப்பப் பாருங்கள், நான் விடமாட்டேன்’ என்பார். நோயாளி தம் வலிமையில் ஐந்திலொரு பங்கு அளவே செலுத்துவார். தலை அசையாது. தசை நீளம் மாறாது இறுகி நிற்கும். ஐந்து விநாடி கழிய, ‘விட்டுவிடுங்கள்’ என்றதும் இருவரும் ஒருங்கே தளர்வர். ஓரிரு விநாடி பொறுத்து மீண்டும் வலப்பக்கம் திருப்பின், தடை முன்னிருந்த இடத்தைவிட்டுச் சற்று அப்பால் நகர்ந்திருக்கும். மூன்று முதல் ஐந்து முறை இங்ஙனம் செய்து, இறுதியில் இயக்கத்தை மறுபடி அளந்து பார்ப்பார். ஓசையில்லை, அதிர்ச்சியில்லை. நோயாளி எதிர்பாராத வேளையில் எதுவும் நிகழ்வதில்லை. எவ்வளவு வலிமை செலுத்துவது என்பதும் பெரும்பாலும் அவர் கையிலேயே உள்ளது. சலூனில் யான் கண்ட வினைக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுவே.

பிற்காலத்தில் எனக்கே வலப்பக்கம் திரும்பாத கழுத்து வாய்த்தபோது ஓர் இயன்மருத்துவர் இவ்வாறு செய்தார். முதற்றடவை யான் முழுப்பலத்தோடும் தள்ளினேன். அவர் சிரித்து, ‘ஐயா, சண்டைக்கல்ல, கொஞ்சமாகத் தள்ளுங்கோ’ என்றார். மெல்லத் தள்ளுதல் வன்மையாகத் தள்ளுதலைக்காட்டிலும் கடினமென்பதை அன்று கற்றேன்.

இம்முறையும் எல்லார்க்கும் ஏற்றதன்று. விழுந்தோ விபத்தினாலோ கழுத்து நொந்தவர், மூட்டுவாதத்தால் மேற்கழுத்து மூட்டுகள் தளர்ந்தவர், தலைசுற்றலோ இரட்டைப் பார்வையோ விழுங்க இயலாமையோ உடையவர், காய்ச்சலோடு கழுத்து விறைத்தவர், கை கால்கள் மரத்தோ வலிவிழந்தோ போனவர் ஆகியோர் எவர் கையிலும் கழுத்தைக் கொடாது நேரே ஆசுப்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். பரம்பரை வைத்தியரோ இயன்மருத்துவரோ முதலிற் கேட்க வேண்டிய வினாக்களும் இவையே.

இனிச் சான்றுகளைப் பற்றி ஒரு சொல். ஷெங்க் முதலியோர் 1994இற் சிறு குழுவொன்றிற் செய்த ஆய்வில், சில வாரச் சிகிச்சையின் பின் கழுத்துத் திரும்பும் அளவு கூடியது. பிறரும் இத்தகைய முடிவுகளைக் கண்டனர். ஆயினும் 2015இல் கொக்ரேன் நிறுவனத்தார் கீழ்முதுகு நோவுக்கு இம்முறை பற்றிய பன்னிரண்டு ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, அவை தரத்திற் குறைந்தன, உறுதியான முடிவுக்கு இடமில்லை என்று கூறினர். தசை தளர்வதற்குக் கூறப்பட்ட பழைய நரம்பியல் விளக்கங்களும் ஐயத்துக்குள்ளாயின. தசை உண்மையிலே நீளவில்லை, இழுவையைப் பொறுக்கும் உணர்வே மாறுகின்றது என்பார் சிலர். ஆகவே இம்முறையைச் சஞ்சீவி என்றல் பொருந்தாது. இன்றுள்ள நிலையில் இதற்காகத் துணிந்து சொல்லத்தக்கது, குறைந்த தீங்கோடு சிலர்க்கு இயக்கத்தை மீட்டுத் தருவது என்பதே. வன்மையான முறுக்கலும் இதைவிடச் சிறந்ததென்று நிறுவப்படவில்லையாதலின், இரண்டனுள் எதைத் தெரிவது என்பது கடினமான வினாவன்று.

‘இவையெல்லாம் நம் சித்தர் அன்றே அறிந்தன’ என்று கூறுவோர் நம்முட் பலர். யானும் ஒருகாலத்தில் அவ்வாறு கூறி மகிழ்ந்தவனே. தொக்கணத்தின் ஒன்பது வினைகளை மீண்டும் நோக்கிய பின் அங்ஙனம் கூற என் மனம் துணியவில்லை. நோயாளியை எதிர்த்துத் தள்ளச் சொல்லும் பத்தாவது வினை அங்கே இல்லை. இல்லாததை உண்டென்று கூறுவது முன்னோர்க்குச் செய்யும் பெருமையன்று; அவர்கள் உண்மையாகக் கண்டவற்றின் மதிப்பையும் அது குறைக்கும். எண்ணெயால் தசையை இளக்கி, பிடித்து, அழுத்தி, மெல்ல அசைத்து மூட்டைப் பழக்கிய அவர் கைத்திறம் தன்னளவிலேயே ஆராயத்தக்கது.

ஆனால் ஏட்டில் இல்லாதது கையிலும் இல்லையென்று முடிவுகட்டுதல் தவறு. முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ‘தம்பி, என்ரை கையைத் தள்ளு பாப்பம்’ என்று சொல்லக் கேட்டதாக எனக்கு உரைத்தோர் உளர். அது நோயறிதற்குச் சொல்லப்பட்டதோ, நோய் தீர்த்தற்குச் சொல்லப்பட்டதோ, உரைத்தவர்க்கும் விளங்கவில்லை. இத்தகைய வைத்தியர் சிலர் இன்றும் வடபுலத்தில் உளர். அவர்கள் கழுத்தைத் தொடும்போது நோயாளியிடம் என்ன சொல்கின்றனர், எத்துணை நேரம் பிடிக்கின்றனர், எப்போது விடுகின்றனர், எத்தகைய நோயாளரைத் திருப்பி அனுப்புகின்றனர் என்பவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதுதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை; குறிப்பேடும் மணிக்கூடும் போதும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் இருவர் மூவர் இதனை மேற்கொண்டால், ஹூட் ஹட்டனிடம் கற்றதைப் போன்ற பதிவொன்று நம் மொழியிலும் கிடைக்கும்.

சென்ற ஆண்டு தோட்டவெளியில் நண்பரொருவர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் தாயார், இளமை முழுவதும் மீன்கடகம் சுமந்தவர், அந்தித் திண்ணையில் அமர்ந்து தம் உள்ளங்கையைக் கன்னத்தில் ஊன்றித் தலையை அதன்மேல் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். யார் சொல்லித் தந்தது என வினவினேன். ‘ஒருத்தரும் சொல்லேல்லை, மோனை. இப்பிடிச் செய்தா சுகமாக் கிடக்கு’ என்று சொல்லிவிட்டு மறுகன்னத்துக்குக் கையை மாற்றினார்.